காவல் நாயின் ஆகாரமும் அதன் ரோமமும்

ஆட்டுக் கிடைக்கும், களத்துக்கும், தோட்டத்துக்கும் இரவெல்லாம் காவலிருப்பது நாய். உழவு மாட்டின் தீனியைக் கவனிக்கும் குடியானவர் பலர் நாயின் ஆகாரத்தைக் கவனிப்பதில்லை. மிஞ்சிய சோறும் கஞ்சியும் அதற்குப் போதுமென்பது பொதுவான எண்ணம். சில மாதங்களில் ரோமம் மினுமினுப்பை இழந்து உதிர்கிறது. தோல் வறண்டு செதில் படிகிறது. உடனே சொறியென்று கருதி மண்ணெண்ணெய் பூசுகிறார்கள். அல்லது நாயை விரட்டிவிடுகிறார்கள். நல்ல காவல் நாய்கள் சில இவ்விதம் வீணாவதற்குக் காரணம் வியாதியன்று, ஆகாரக் குறைவேயாகும்.

புரதம்: ரோமம் பெரும்பாலும் புரதத்தாலானது. நாய்க்கு நாள்தோறும் வேண்டிய புரதத்தில் 100க்கு 30 பங்கு வரையில் தோலுக்கும் ரோமத்துக்குமே செலவாகலாம். புரதம் குறைந்தால் சரீரம் உயிர்நிலை உறுப்புகளை முதலில் காத்துக்கொள்ளும். ரோமத்துக்குரிய பங்கு குறைந்துவிடும். வளர்ந்த நாயின் ஆகாரத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், 100க்கு 18 பங்கேனும் புரதம் இருத்தல் வேண்டும். குட்டிகளுக்கு 22 பங்குக்குக் குறையலாகாது. அரிசியில் இருப்பதோ சுமார் 7 பங்கு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 200 கிராம் அரிசியைச் சமைத்துப் போட்டால் பசி அடங்கும். ஆனால் கிடைக்கும் புரதம் சுமார் 14 கிராம். கொழுப்பு ஏறக்குறைய 1 கிராம். வயிறு நிறைந்தும் தோல் பட்டினி கிடக்கிறது.

எண்ணெய்ச் சத்து: லினோலீயிக் அமிலம் என்னும் கொழுப்புச் சத்தை நாயின் சரீரம் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. இது குறைந்தால் தோல் ஈரத்தைக் காக்கும் வலிமையை இழக்கிறது. நல்லெண்ணெய், கடலெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் இது மிகுதி; தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. மத்தி மீனிலுள்ள கொழுப்பு தோல் அழற்சியைத் தணிக்க உதவும். நாள்பட்டுக் காறிய எண்ணெயைக் கொடுக்கலாகாது.

துத்தநாகம்: தானியமும் தவிடும் மிகுந்த ஆகாரத்திலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகச் சத்து உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. அப்போது கண், வாய் ஓரங்களில் பொருக்குக் கட்டும். பாதத்தின் அடித்தோல் தடித்து வெடிக்கும். குட்டிகளுக்கு அளவு மீறிச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தாலும் இதே தீங்கு நேரும்.

ஆகார முறை: மேற்சொன்ன 10 கிலோ நாய்க்கு அரிசி அல்லது கம்பு 100 கிராம், எலும்பு நீக்கிய மாமிசம் அல்லது முள் நீக்கிய மீன் 150 கிராம் ஆகியவற்றை வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் கலந்து, இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வேலைக்கும் உடல் நிலைக்கும் தக்கபடி கூட்டியும் குறைத்தும் கொள்க. மாமிசத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டை கொடுக்கலாம். அதை வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சை வெண்கரு, தோலுக்கு இன்றியமையாத பயோட்டின் என்னும் ஜீவசத்தைப் பிணைத்துவிடும். ஈரலை வாரம் ஒரு முறை சிறிதளவு சேர்த்தால் போதும். இவ்வாகாரத்தில் சுண்ணாம்புச் சத்துப் போதாது. ஆதலால் கால்நடை வைத்தியர் கூறும் அளவில் தாது உப்புக் கலவை சேர்ப்பது அவசியம். வெங்காயம் சேர்ந்த சாம்பார்ச் சோறு இரத்த அணுக்களை அழிக்கும். வேகவைத்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

வேறு காரணங்கள்: தோல் நோய் யாவும் ஆகாரத்தால் வருவனவல்ல. காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கி, ஓயாமல் சொறியச் செய்வது பெரும்பாலும் சிற்றுண்ணியால் வரும் சொறி. அது மற்ற நாய்களுக்குத் தொற்றும். மனிதர்க்கும் அரிப்பை உண்டாக்கும். தெள்ளும் உண்ணியும் இருக்கின்றனவா என்று ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு வைத்தியரின் மருந்தே தேவை. மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் விஷமாகும்.

ஆகாரத்தை மாற்றிய மறு வாரமே பலன் தெரியாது. தோலின் மேற்படலம் புதிதாக ஏறக்குறைய மூன்று வாரம் செல்லும். ரோமம் தேற 6 முதல் 8 வாரம் ஆகலாம். ஆகவே, தொற்றும் பூச்சியும் இல்லையென்று அறிந்தபின், இரண்டு மாத காலம் நல்ல ஆகாரம் கொடுத்துப் பார்க்காமல் எந்த நாயையும் உதவாதென்று தள்ளலாகாது.