பிரியாணி ஆறியது யாரால்?

சென்னை ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கம், பெருங்குடி பக்கத்து அடுக்குமாடிகளில் இரவானால் போனில் ஒலிக்கும் கேள்வி: "எங்கப்பா வந்துட்டிருக்க?" பசியில் வரும் கோபம் நியாயம்தான். அது யார்மேல் பாய வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

நம்பிக்கை: தாமதத்துக்கு டெலிவரி பையன்தான் காரணம்.
உண்மை: பல நேரம் ஹோட்டல் வாசலிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுபவர்கள், நேரில் பார்சல் கேட்பவர்கள், இரண்டு மூன்று ஆப்களின் ஆர்டர்கள் எல்லாம் ஒரே அடுப்புக்குத்தான் வருகின்றன. பார்சல் கைக்கு வரும்வரை அவர் காத்து நிற்க வேண்டும். பிறகு சாலை. எதிர்ப்பக்கக் கடை உங்கள் பால்கனியிலிருந்தே தெரியலாம். நடுத்தடுப்பு இருப்பதால் வண்டி யூ-டர்ன் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். மாதவரம்–சிப்காட் மெட்ரோ வேலை வேறு. கடைசியில் செக்யூரிட்டி கேட், எந்த பிளாக், எந்த லிஃப்ட் என்ற விசாரணை.

நம்பிக்கை: நாம் கட்டும் கட்டணம் டெலிவரி பையன் கைக்குப் போகிறது.
உண்மை: தூரம், ஆர்டர், இன்சென்டிவ் என்று அவருடைய கூலிக்குத் தனிக் கணக்கு. பிளாட்ஃபார்ம் கட்டணம் நிறுவனத்துக்கு. 2023இல் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கியது, இரண்டரை ஆண்டுகளுக்குள் 10 ரூபாயைத் தாண்டியது. பெட்ரோலும் வண்டிப் பராமரிப்பும் அவர் செலவு.

நம்பிக்கை: ஆப்பில் விலை கூடுதலாக இருப்பது ஹோட்டல்காரரின் பேராசை.
உண்மை: ஒவ்வொரு ஆர்டரிலும் ஆப் கமிஷன் எடுக்கிறது, பல ஹோட்டல்களுக்கு அது 20 சதவீதத்துக்கு மேல். தள்ளுபடியிலும் ஒரு பங்கு ஹோட்டல் தலையில் விழுவதுண்டு. அதை ஈடுகட்டவே பலர் ஆப் விலையை ஏற்றுகிறார்கள்.

நம்பிக்கை: பெயர் வேறு என்றால் கடையும் வேறு.
உண்மை: ஒரே சமையலறை பிரியாணிக்கு ஒரு பெயர், நூடுல்ஸுக்கு ஒரு பெயர் என்று பல கடைகளாக ஆப்பில் தெரியலாம். கடையின் பக்கத்தில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும். எண்ணும் முகவரியும் ஒன்றானால் அடுப்பும் ஒன்றுதான்.

நம்பிக்கை: 'பணம் திரும்பத் தர இயலாது' என்று சாட்டில் வந்துவிட்டால் அவ்வளவுதான்.
உண்மை: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்தவருக்கு ஸ்டாரைக் குறைத்தால் அவர் பிழைப்பில்தான் அடி விழும். உங்கள் பணம் திரும்பி வராது. புகாரை நிறுவனத்துக்கு எழுதுங்கள்.