மருந்துத் தூசியா, வால்வா, சுகரா?

பட்டாசு ஆலைகள் நிறைந்த விஸ்வநத்தத்தில் ‘மருந்து’ என்றதும் நினைவுக்கு வருவது மாத்திரையல்ல, பட்டாசுக்குள் செலுத்தும் கலவை. அதனால்தானோ என்னவோ, மூச்சு வாங்கினால் பழியை மருந்துத் தூசி மேல் போடுவது எளிதாக இருக்கிறது. தூசி நுரையீரலைக் கெடுக்கும், பொய்யில்லை. ஆனால் படியேறினாலும் மல்லாந்து படுத்தாலும் மூச்சு முட்டி, காலும் வீங்கினால் இதயத்தையும், அதன் வால்வுகளையும், சுகரையும் பார்த்தாக வேண்டும்.

“வால்வுக் கோளாறு சின்ன வயசுக் காய்ச்சல்ல வந்தது, சுகர் அதை என்ன பண்ணும்?” என்பார்கள். முன்பாதியில் நியாயம் உண்டு. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்குவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. அதற்குச் சர்க்கரை காரணமில்லை. பின்பாதிதான் தவறு. வயதோடு பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படியும் நோய் நீரிழிவுக்காரர்களிடம் சீக்கிரம் முற்றுகிறது. குறுகிய வால்வு வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன தசையையும் சர்க்கரை மேலும் விறைக்க வைக்கிறது. நீரிழிவுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேல், பெண்களுக்கோ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு 1974-லேயே சொன்னது. பெண்கள் திரளாக ஆலைக்குப் போகும் ஊரில் அந்த இரண்டாவது கணக்கைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

“நெஞ்சு வலிக்கலையே?” என்பவர்களும் உண்டு. நாள்பட்ட சுகரில் நரம்பு மங்கிவிடலாம். மாரடைப்பே வெறும் களைப்பும் வியர்வையுமாக வந்துபோகலாம்.

அடுத்தது, “வால்வு மாத்தியாச்சு, இனி கவலையில்லை.” திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இந்தியாவிலேயே செய்தது, ஏராளமானோரைப் பிழைக்க வைத்தது. ஆனால் எந்தச் செயற்கை வால்விலும் கிருமி தங்கும் ஆபத்து உண்டு. கட்டுக்குள் இல்லாத சுகர் அதைக் கூட்டும். ஆறாத கால்புண்ணும் சொத்தைப் பல்லும் கிருமிக்கு வாசல். பல் பிடுங்கப் போகுமுன் வால்வு வைத்திருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, கீரைச் சிக்கல். சித்ரா போன்ற இயந்திர வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சுகருக்கு நல்லதென்று யாரோ சொல்ல, திடீரென்று தினமும் முருங்கைக்கீரை தின்றால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம். பயந்து கீரையை அடியோடு விட்டால் ரத்தக்கசிவு வரலாம். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறாமல் எடுத்தால், மாத்திரையின் அளவை டாக்டர் அதற்கேற்பச் சரிசெய்துவிடுவார்.