இறைப்பு எஞ்சினுக்குச் சுற்றுமானி பொருத்துதல்

எழுவைதீவில் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழையே அங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரம். சுண்ணக்கல்லினூடே கசியும் மழைநீர், கடல்நீரிலும் பாரம் குறைந்ததாதலால், அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதி. இவ்விதியின்படி, நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், உவர்நீர் 40 அடிவரை மேலெழ இடமுண்டு. ஆகவே எஞ்சினை அளவுக்கு மீறி விரைவாக ஓட்டுவது டீசலை மட்டுமன்றிக் கிணற்றையும் அழிக்கும்.

சுற்றுமானியின் பயன்

எஞ்சினின் தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகின்றது என்பதைக் காட்டுவது சுற்றுமானி. இதனைத் தாக்கோமீற்றர் எனவும் வழங்குவர். இராணுவத்தின் டீசல் லொறிகள் சிலவற்றில் வேகமானியோடு இக்கருவியும் இருக்கும். ஒரே இடத்தில் நின்று மணிக்கணக்காக இறைக்கும் எஞ்சினுக்கும் இது அவசியமாகும்.

காதால் கேட்டு வேகத்தை மதிப்பிடுதல் நம்பத்தக்கதன்று. ஒற்றைச் சிலிண்டர் நாலடி எஞ்சினில் இரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு நிகழும். 1500 சுற்றில் ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை வெடிக்கும். இதனை எவராலும் எண்ணல் இயலாது.

மையநீக்கப் பம்பின் வேகத்தை 1500 இலிருந்து 1800 ஆகக் கூட்டினால் நீர் ஏறத்தாழ 20 வீதமே கூடும். வேண்டிய வலுவோ ஏறத்தாழ 73 வீதம் கூடும். சிறிது நீருக்காகப் பெருமளவு டீசல் செலவாகும் என்பது இதனால் விளங்கும்.

பொருத்தும் முறைகள்

பெற்றோல் எஞ்சினுக்குரிய சுற்றுமானிகளுட் பல, தீப்பொறிகளை எண்ணியே வேகத்தைக் காட்டுவன. டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லாமையால் அவை உதவா. பின்வரும் முறைகளுள் ஒன்றைக் கையாளலாம்.

1. கைச் சுற்றுமானி. பிளைவீலில் ஒளி தெறிக்கும் சிறு நாடாவை ஒட்டி, கருவியின் ஒளியை அதன்மேற் செலுத்தினால் சுற்றுக்களின் தொகை தெரியும். பல கமக்காரர் கூடி ஒரு கருவியை வாங்கிப் பயன்படுத்தலாம்.

2. காந்தச் சுற்றுமானி. பிளைவீலின் மையத்துக்கு அருகே சிறு காந்தம் ஒன்றைப் பொருத்தி, அதற்கெதிரே உணர்கருவியை அசையாத தாங்கியில் நிறுத்துதல் வேண்டும். இடைவெளி கருவியின் கைநூலிற் குறித்தபடி இருத்தல் வேண்டும். காந்தத்தைப் பிளைவீலின் விளிம்பில் ஒட்டலாகாது. கழன்று குண்டுபோற் பாயும்.

3. அல்டர்னேற்றர் வழி. லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றில் அல்டர்னேற்றரின் டபிள்யூ முனையிலிருந்து கம்பி எடுக்கலாம். இம்முறையிற் கருவியைக் கைச் சுற்றுமானியோடு ஒப்பிட்டுச் சரிப்படுத்திய பின்னரே அது காட்டும் அளவை நம்பலாம்.

வேலை தொடங்குமுன் எஞ்சினை நிறுத்தி, டீசலை அடைத்து, மின்கலம் இருப்பின் அதன் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். ஓடும் பிளைவீலருகே சாரத்தின் தொங்கலும் தோளிற் கிடக்கும் துவாயும் ஆபத்தானவை.

தகுந்த வேகத்தை அறிதல்

எஞ்சினின் தகட்டிற் குறித்த உச்ச வேகத்துக்குச் சுற்றுமானியிற் சிவப்புக் கோடு இடுக. எஞ்சின் 1500 சுற்றில் ஓட, அதன் கப்பி 5 அங்குலமும் பம்பின் கப்பி 6 அங்குலமும் ஆயின், பம்பு 1250 சுற்றில் ஓடும். வார் வழுக்கினால் இதனிலும் குறையும்.

பின்னர், தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள், நீர் தடையின்றி வாய்க்காலில் விழும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுக. கல் கட்டிய கயிற்றால் அரைமணிக்கு ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்து வருக. மட்டம் தொடர்ந்து தாழ்ந்து போகுமாயின் இறைப்பை நிறுத்திக் கிணறு ஊற விடுக. மட்டம் தாங்கும் வேகத்துக்குப் பச்சைக் கோடு இடுக. மாரியிற் பொருந்திய வேகம் கோடையிற் பொருந்தாது. ஆதலால் கோடையில் மீண்டும் அளத்தல் வேண்டும்.

நீரின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறன் மானியால் அறியலாம். விளைச்சல் குன்றாதிருத்தற்குப் பாசன நீரின் மேலெல்லை, மீற்றருக்கு டெசிசீமன் கணக்கில், வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0 எனக் கொள்ளப்படுகின்றது. நாவிற்கு உவர்ப்புத் தோன்றுமுன்னரே வெங்காயம் பாதிக்கப்படலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓட்டலாகாது. கூடிய நீர் வேண்டுமெனின் வேகத்தைக் கூட்டாது, இடையிடையே ஓய்வு விட்டு இறைத்தல் நன்று. வேகம், இறைத்த நேரம், நீர்மட்டம், உவர் அளவு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வருக. உவர்நீர் ஒருமுறை ஏறிய கிணறு மீண்டும் நன்னீராதற்குப் பல மாரிகள் செல்லக்கூடும்.