அரச திணைக்களமும் தொண்டர் சேவையும்

ஓர்ஸ் ஹில் மேட்டினின்று கீழே நோக்குவார்க்கு உட்துறைமுகம் ஓர் ஏரியைப் போல அமைதியாகத் தோன்றும். அவ்வமைதி எக்காலத்தும் நிலைத்ததன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலையிற் கடலே எழுந்து இம்மாவட்டத்தின் கரையோர ஊர்களை அழித்தது. இவ்விரு நாள்களிலும், சம்பளம் பெறும் உத்தியோகத்தர் மாத்திரம் செய்து முடிக்கவியலாத பெரும்பணி ஒரு நாழிகைக்குள்ளே குவிந்துவிட்டது. இரண்டிலும் தொண்டர் வேண்டப்பட்டனர்.

இடுக்கண் வருங்காற் தொண்டர் தாமே வருவர். எம்மவரிடையே அதற்குக் குறைவில்லை. ஆயின், வந்தவரை வரவேற்று, தக்க பணியளித்து, நெறிப்படுத்தி, அவர்தம் ஊக்கம் குன்றாது காப்பவர் யார்? அரச திணைக்களமொன்றிலே தொண்டர் சேவையை நடத்துவோர் அறிய வேண்டுவன யாவை? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். கல்லூரியை விட்டு நீங்கிய எம்மிற் பலர் அரச சேவையிற் புகுந்தவர். இன்று பயிலும் மாணவரிற் பலர் நாளை புகவிருப்பவர். ஆதலின் இவ்விடயம் இம்மலருக்குப் புறம்பானதன்று.

தொண்டும் நிருவாகமும்

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தார். தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். பிறர்க்கு உதவுதல் அறத்தின் பாற்பட்டது. இன்ன வினைக்கு இன்னார் உரியர் எனத் தெரிந்து விடுதல் ஆட்சியின் பாற்பட்டது. தொண்டர்களை நடத்துவோர் இவ்விரு பால்களிலும் நிற்றல் வேண்டும். அறம் மாத்திரம் அறிந்தவர் அன்போடு குழப்பம் விளைப்பர். ஆட்சி மாத்திரம் அறிந்தவர் தொண்டரைச் சம்பளமில்லாச் சிற்றூழியராக்கி விடுவர்.

வரலாறு காட்டுவன

இங்கிலாந்திலே 1938ஆம் ஆண்டில், உள்நாட்டு அமைச்சரின் வேண்டுகோளின்படி, றெடிங் சீமாட்டியார் பெண்கள் தொண்டர் சேவையைத் தொடக்கினார். போர்க்காலத்தில் அதன் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 10 இலட்சமாகப் பெருகிற்று. நகரச் சிறுவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்லுதல், வீடிழந்தோர்க்கு உணவும் உடையும் வழங்குதல் முதலியன அவர்தம் பணிகள். அவர்கள் ஊதியம் பெற்றிலர். எனினும் அச்சேவையின் நிருவாகச் செலவை அரசாங்கமே ஏற்றது. தொண்டு இலவசமாயினும் அதை நடத்துதல் இலவசமன்று என்பதே இதனாற் பெறப்படும் முதற்பாடம். ஐக்கிய அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டில், முன்னாட் படைவீரர் நலனுக்குரிய அரச நிறுவனம் தன் மருத்துவமனைகளுக்கெனத் தொண்டர் சேவையொன்றை நிறுவிற்று. போர் முடிந்த பின்னரும் தொண்டரின் தேவை முடியவில்லை என்பதை அது காட்டிற்று.

எமது நாட்டிலே போர்க்காலத்திற் குடிசார் பாதுகாப்பை நடத்தும் பொறுப்புச் சேர் ஒலிவர் குணதிலகவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டுத் தாக்குதலின் பின்னர் திருகோணமலை மக்கள் பலர் ஊரை விட்டகன்றனர். அச்சம் சூழ்ந்த நாளில் எவர் எங்கே நிற்பதென்பதை அன்றைக்கே தீர்மானிக்க இயலாது. முன்னரே பயின்றிருத்தல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின்னர்க் கிராம முன்னேற்றச் சங்கங்கள் தெரு அமைத்தல், கிணறு தோண்டுதல் முதலிய பணிகளிற் சிரமதானத்தைக் கைக்கொண்டன. 1958ஆம் ஆண்டில் ஆசிரியர் ஏ. ரி. அரியரத்ன கொழும்பு நாலந்தக் கல்லூரி மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. இந்தியாவிலே 1969ஆம் ஆண்டில், காந்தியடிகளின் நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. அதிற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணிபுரிவர். காலத்துக்கு அளவுண்டு, அளவுள்ளதால் நிறைவுமுண்டு.

எமது சுகாதார அமைச்சு 1970ஆம் ஆண்டுகளிற் தொடக்கிய குடும்ப சுகாதாரத் தொண்டர் திட்டம் மற்றொரு பாடம் புகட்டுகின்றது. பொதுச் சுகாதார மருத்துவமாது தம் பகுதியிலுள்ள படித்த இளம் பெண்களைப் பயிற்றி, அயல் வீடுகளின் நலனை நோக்கச் செய்வார். 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இத்தொண்டர் தொகை ஏறத்தாழ 100,000 எனக் கணிக்கப்பட்டது. ஆயினும் சேர்ந்தவர் பலர் விரைவில் விலகினர். அவருட் பலர் தொழிலை எதிர்நோக்கியிருந்தவர். இச்சேவை நிரந்தர உத்தியோகத்துக்கு வழிகாட்டும் என நம்பியவரும் உளர். தொகையைப் பெருக்குதல் எளிது; நிலைநிறுத்துதலே அரிது.

எமது தவறு ஒன்று

கடற்கோளின் பின்னர் அலுவலகமொன்றிலே தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. முதல் வாரத்தில் இளைஞர் அறுபதின்மர் வரை நாடோறும் வந்தனர். நாம் அவர்க்கென இடாப்பொன்று திறந்தோமல்லேம். எவர் எந்த முகாமுக்குச் சென்றார் எனக் குறித்தோமுமல்லேம். ஒரே முகாமுக்கு ஒரே நாளில் மூன்று குழுவினர் மூன்று படிவங்களோடு சென்றனர். மூன்றாவது குழுவினரை நோக்கி ஒரு தாய், “தம்பிமாரே, செத்த பிள்ளையின் பேரை எத்தனை தரம் சொல்லுறது?” என்று கேட்டார். அவ்விளைஞர் படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்தனர். மறுநாள் அவருள் ஒருவரும் வந்திலர்.

அத்தாய்க்கு நாம் இழைத்த துன்பம் ஒன்று; நல்லெண்ணத்தோடு வந்த இளைஞரைத் துன்பத்தின் கருவியாக்கியது மற்றொன்று. அவர்களிடம் குறைவில்லை, குறை எமது மேசையில் இருந்தது. பிற்றைநாள் ஒரு கொப்பி வாங்கிக் கோடிட்டு எழுதத் தொடங்கினோம். பத்து நாள் முன்னர் அக்கொப்பி இருந்திருக்குமாயின் அவ்வினா எழுந்திராது.

நடத்துவோர் கடமைகள்

முதலாவது, பணியை வரையறுத்தல். “வந்து உதவுங்கள்” என்பது அழைப்பாகாது. என்ன வேலை, எவ்விடத்தில், எத்தனை மணி நேரம், எவரிடம் கேட்டறிவது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, தெரிந்தெடுத்தல். எண்ணில் வல்லவரைப் பண்டகசாலைக் கணக்கிலும், பேச்சில் இனியவரை மருத்துவமனை வாயிலிலும் அமர்த்துக. சிறுவர், நோயாளர் முதலியோரிடம் அனுப்பப்படுவோரின் நன்னடத்தையை முன்னரே விசாரித்தறிக. தகாதவரை மரியாதையோடு மறுத்தலும் கடமையே.

மூன்றாவது, பயிற்றுதல். கண்டதையும் கேட்டதையும் வெளியிற் சொல்லாமை முதற் பயிற்சியாதல் வேண்டும். பிறர் துயரைக் காணும் உரிமை பெற்றவர் அதைக் காக்குங் கடமையும் பெற்றவராவர்.

நான்காவது, உத்தியோகத்தரை ஆயத்தஞ் செய்தல். இஃது பலரும் மறப்பது. தொண்டர் வந்தால் தம் பதவி குறையுமோ என இலிகிதர் அஞ்சுவார். வேலை கூடுமோ எனச் சிற்றூழியர் சலிப்பார். வெற்றிடமான பதவியைத் தொண்டரைக் கொண்டு நிரப்புதல் இருசாரார்க்கும் அநீதி. தொண்டர் செய்வது மேலதிக பணியேயன்றி மாற்றுப்பணியன்று என்பதைத் திணைக்களத் தலைவரே சுற்றுநிருப மூலம் தெளிவுறுத்தல் நன்று.

ஐந்தாவது, செலவை ஏற்றல். ஏழைத் தொண்டர் தம் கைப்பணத்திற் பஸ் கட்டணம் கொடுத்து வருதல் நெடுநாள் நடவாது. பிரயாணப்படியும் நண்பகல் உணவும் ஊதியமாகா. அவற்றை மறுக்கும் சேவை காலப்போக்கில் வசதியுடையோர் மாத்திரம் செய்யுஞ் சேவையாகிவிடும்.

ஆறாவது, உண்மை பேசுதல். உத்தியோகம் கிடைக்கும் என்னும் ஆசையைக் காட்டிப் பணிகொள்ளலாகாது. செய்த சேவைக்குச் சான்றிதழ் வழங்குக. இல்லாத பதவியை வாக்களியாதொழிக. முடியும் நாளையும் முன்னரே கூறுக.

முடிவுரை

திருகோணமலை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாவட்டம். கடற்கோள் நாளில் கிண்ணியா மருத்துவமனையும் அலைக்கு இரையாயிற்று; அலை எவரையும் இனம் வினவவில்லை. ஆதலின் இங்கே தொண்டரை நடத்துவோர் இடாப்பிலும் இனப் பாகுபாடு புகாது காத்தல் வேண்டும். அரசாங்கத்தின் பெயராற் செய்யப்படும் தொண்டு ஒருபாற் கோடுமாயின், அது தொண்டுமாகாது, அரசுமாகாது.

மாணவத் தம்பிகாள்! நீவிர் தொண்டராகச் செல்லுங்கால் உமது பணி யாதெனக் கேட்டறிந்து செல்லுமின். பழைய மாணவ அன்பர்களே! உங்கள் அலுவலக வாயிலில் ஓர் இளைஞன் வந்து, “நான் என்ன செய்யலாம்?” என வினவும் நாள் வரும். அந்நாளில் அவனை விறாந்தையில் இருத்திவிடாதீர்கள். அவனுக்கென ஒரு நாற்காலியும், ஒரு கொப்பியும், ஒரு தெளிந்த விடையும் இன்றே ஆயத்தமாக வைத்திருங்கள்.