பேரேடே சான்று
பணப் பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிந்து, சங்கிலிபோல் இணைத்து வைக்கும் பொதுப் பேரேடே பிளாக்செயின். 2009ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிட்காயின் பேரேட்டில் ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒரு புதிய தொகுதி இணைகிறது. அனுப்பிய தொகை ஒரு தொகுதியில் இடம்பெறும்வரை நிலுவையிலேயே இருக்கும். இடம்பெற்றபின், அடுத்தடுத்து இணையும் தொகுதிகள் அதனை மேலும் உறுதிப்படுத்தும். பெருந்தொகையாயின் 6 உறுதிப்பாடுகள்வரை காத்திருப்பது வழக்கம்.

ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் எண்களும் எழுத்துகளுமாக 64 குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. அதனை அளித்தால், செயற்கை நுண்ணறிவு முகவர் பேரேட்டில் தேடி, பரிமாற்றத்தின் நிலையை எளிய மொழியில் கூறும். ஆயினும், அக்கருவி பேரேட்டைப் பாராமலே விடையைப் புனைந்துரைக்கவும் கூடும். நிலுவையிலுள்ள தொகை வந்துவிட்டதாக நம்பிப் பொருளை ஒப்படைக்கும் வணிகர் இழப்பிற்கு ஆளாவார். ஆதலால், முகவரின் விடையைப் பெற்றபின், அதே குறியீட்டைக் கொண்டு பேரேட்டைத் தாமே சரிபார்த்தல் வேண்டும்.