செகாக் முடிந்த மறுநாள் ஏன் வலிக்கிறது?

நம் பள்ளிகளில் செகாக் சோதனை ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்க வேண்டும். ஒரு நிமிடம் தண்டால். அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் எழும்போதுதான் கையும் தொடையும் கெஞ்சும்.

லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பயிற்சியில் கூடும் லாக்டேட், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குக் குறைந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்தைத் தொடுகிறது. தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று 1902இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் தியோடர் ஹஃப் எழுதினார். இன்றைய விளக்கமும் அதற்கு அருகில்தான்: நுண்ணிய சேதம், அதைச் சீர்செய்ய எழும் அழற்சி.

தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். தண்டாலில் உடலைக் கீழே இறக்கும் நேரம் அது. மலாக்கா புக்கிட் பெருவாங் குன்றில் ஏறியவர்களுக்கு மறுநாள் தொடை வலிப்பதும் பெரும்பாலும் இறங்கியதால்தான்!

ஒருமுறை சேதமுற்றுச் சீரான தசை, அதே பயிற்சியை அடுத்த சில வாரங்களுக்கு எளிதாகத் தாங்கும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். ஒவ்வொரு செகாக்கிலும் வலி திரும்பி வருவது இதனால்தான். பழகிய தசைக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. நாள்தோறும் பந்து விளையாடுபவருக்கும் தண்டாலுக்குப் பின் கை வலிக்கும்.

வாரம் இரு நாள், சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டாலில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். வலிக்கும் நாளில் மெதுவாக நடக்கலாம். மூட்டில் குத்தும் வலியும், வாரம் கடந்தும் தீராத வலியும் வேறு. அவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். கடும் வலியோடு சிறுநீர் தே-ஓ நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.