பூர்வீக ஜெர்மானியக் கிராமத்தைக் காணச் செல்வோர்க்கு

முன்னோர் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தினர் புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை:

● ஒரே பெயருடைய ஊர்கள் அங்கே பல உண்டாதலால், 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் துறைமுகப் பிரயாணிகள் பட்டியலைப் பார்த்து, சொந்த ஊர் இன்ன பிரதேசத்தைச் சேர்ந்ததென்று முதலில் நிச்சயித்துக்கொள்க.

● நாடு முழுமைக்குமான அரசாங்கப் பிறப்பு, விவாக, மரணப் பதிவு 1876-இல்தான் தொடங்கியதாகையால், அதற்கு முற்பட்ட விவரங்களுக்குப் பெரும்பாலும் திருச்சபையின் பதிவேடுகளையே நாட வேண்டும். அவற்றுட் பல கிராமத்தில் இராமல் திருச்சபை ஆவணக் காப்பகங்களில் இருப்பதால், முன்னதாகவே கடிதமெழுதி அனுமதி பெறுக.

● அப்பதிவேடுகளைப் படிக்க, குர்ரெண்ட் என்னும் பழைய கையெழுத்து முறையை ஓரளவேனும் பழகிச் செல்க.

● கல்லறை நிலம் பெரும்பாலும் 20, 30 ஆண்டுக் குத்தகைக்கே அளிக்கப்படுவதால், முப்பாட்டனாரின் சமாதி காணாவிடில் மனம் வருந்தாமல், கிராமத்து யுத்த ஞாபகச் சின்னத்தில் பொறித்த பெயர்களிடையே குடும்பப் பெயரைத் தேடுக. அங்கே தங்கிவிட்ட பங்காளிகளின் வம்சத்தை அறிய அதுவே நல்ல வழி.